மணிக்கூண்டு – சொல் விளக்கம்

'கிளாக் டவர்' என்பதைக் 'கடிகாரக் கோபுரம்' என்று எழுதுகிறார்கள். வேண்டாம். மக்கள் வாயில் நெடுநாளாகப் புழங்கும் சொல் ஒன்று இருக்கிறது: மணிக்கூண்டு. ஈரோட்டிலும் திண்டுக்கல்லிலும் அது இடப்பெயராகவே நிலைத்துவிட்டது.

மணி என்றால் ஒலிப்பது. அந்த ஒலி உணர்த்தும் நேரமும் மணிதான். 'கிளாக்' என்ற சொல்லும் மணியைக் குறித்த இடைக்கால இலத்தீன் சொல்லிலிருந்தே வந்தது. கூண்டு, கூடு என்பதோடு உறவுடையது. கிளிக்கூண்டு, சாட்சிக்கூண்டு போல அடைப்புள்ள இடம். 'கடிகாரம்' வேறு வழி வந்த சொல். சிறு குடத்தைக் குறித்த வடமொழி 'கடிகா' தமிழில் கடிகை ஆயிற்று. கடிகை என்பது ஒரு நாழிகை, 24 நிமிடம். நீரால் நேரம் அளந்த கருவியை முல்லைப்பாட்டு 'குறுநீர்க் கன்னல்' என்கிறது. ஆக, கடிகாரத்தின் வேரில் இருப்பது குடம், மணி அல்ல.

இலங்கையில் 'மணிக்கூடு' என்றாலே கடிகாரம். அதனால் யாழ்ப்பாணத்தில் இருப்பது மணிக்கூட்டுக் கோபுரம். அங்கே அதுவே சரி.

சென்னை சென்ட்ரல் நிலையம் 1873இல் எழுந்தது. முதல் வடிவமைப்பு ஜார்ஜ் ஹார்டிங்குடையது. ராபர்ட் சிஷோம் அதை மாற்றியமைத்தார். செந்நிறச் சுவர்களுக்கு மேல், நான்கு முகங்களோடு 136 அடி உயரத்தில் நிற்கிறது அதன் மணிக்கூண்டு.

இவ்வளவு உயரம் ஏன்? முகம் தொலைவிலிருந்து தெரியவேண்டும் என்பது ஒரு காரணம். எடையில் ஓடும் பழைய கடிகாரங்களுக்கு இன்னொன்றும் உண்டு: எடைக்கட்டிகள் கீழிறங்க நீண்ட வெற்றிடம் வேண்டும். உயரம் குறைந்தால் அடிக்கடி சாவி கொடுக்கவேண்டும். மணி ஆடாது, சம்மட்டிதான் வந்து அடிக்கும், முழு மணிகளுக்கு மட்டுமே நாளுக்கு 156 முறை. அடித்ததும் சம்மட்டி மணியைத் தொடாமல் சற்றே விலகி நிற்கவேண்டும். அதைத் தாங்கும் வில் தளர்ந்தால் ஓசை 'டொக்' என்று செத்துவிடும்.

ஒரே இயந்திரம்தான் பற்சக்கரங்கள் வழியே நான்கு முகங்களையும் ஓட்டுகிறது. ஒரு முகம் மட்டும் பிசகினால் அந்த முள்ளோ இணைப்புத் தண்டோ நழுவியிருக்கும். நான்கும் சேர்ந்து பிந்தினால் ஊசலைப் பாருங்கள். எஃகுத் தண்டு வெயிலில் நீளும்; வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் நாளுக்குச் சுமார் 5 நொடி பிந்தும். குண்டுக்குக் கீழுள்ள திருகை மேலேற்றினால் வேகம் கூடும்.

ஒற்று மறக்கவேண்டாம். 'மணியை உடைய கூண்டு' என்று விரிவதால் வல்லினம் மிகும்: பலகைகளில் காணும் 'மணிகூண்டு' பிழை, மணிக்கூண்டு சரி.