பெடன்ட்: சட்டாம்பிள்ளைத்தனமும் நொட்டைச் சொல்லும்

"நான் பெடன்டிக்கா பேசுறேன்னு நினைக்காதீங்க, ஆனா..." என்று ஒருவர் ஆரம்பித்தால் அடுத்து ஒரு திருத்தம் வரப்போகிறது என்று அர்த்தம். கணினி, கைபேசி, கேமரா, செயற்கைக்கோள் என்று எதிலாவது பித்தாகக் கிடக்கிற நம் பிள்ளைகள் இணையத்தில் ஒருவரையொருவர் பெடன்ட் என்ற இந்த ஆங்கிலச் சொல்லால் திட்டிக்கொள்கிறார்கள், சில பேர் அதையே பட்டமாகத் தங்களுக்குச் சூட்டிக்கொள்ளவும் செய்கிறார்கள். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் எங்கள் கடற்கரையில் கைபேசியும் ஜிபிஎஸ்ஸும் இல்லாத படகு அபூர்வம் என்பதால் இந்தப் பேச்சு பொறியியல் படித்தவர்களோடு நிற்கவில்லை, படகு கட்டும் ஜெட்டிக்கும் வந்துவிட்டது. அதனால் இதற்குச் சரியான தமிழ்ச் சொல் என்ன என்று உட்கார்ந்து யோசிக்கத்தான் வேண்டும்.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். பேச்சின் நோக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத சின்னத் தவறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதைத் திருத்தினால்தான் ஆயிற்று என்று நிற்பவர் பெடன்ட். அந்தக் குணம் பெடன்ட்ரி. அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், எரிச்சலே அதில்தான். பொய் சொன்னால் மறுத்துவிடலாம், சரியானதைச் சொல்லிக்கொண்டு வழியை மறிப்பவரை என்ன செய்வது?

சொல்லின் பிறப்பு இத்தாலியில். பெதான்தே என்றால் அங்கே பள்ளி ஆசிரியர். பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குப் போனது. போன காலத்தில் அங்கேயும் வாத்தியார் என்ற பொருள் இருந்தது, ஆனால் படித்ததை இடம் பொருள் பார்க்காமல் காட்டிக்கொள்பவர் என்ற பொருள் சீக்கிரமே ஏறி உட்கார்ந்து பழையதைத் தள்ளிவிட்டது. அதற்கும் முந்தைய வேர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் ஆளைக் குறித்த கிரேக்கச் சொல்லாக இருக்கலாம் என்று கருதுகிறவர்கள் உண்டு.

இதே பாதையில் நடந்த ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது: சட்டாம்பிள்ளை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு உதவியாக மற்றப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்த மூத்த மாணவன்தான் சட்டாம்பிள்ளை. அது ஒரு பொறுப்பின் பெயர், வசைச்சொல்லே இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடம் போனபிறகு சட்டாம்பிள்ளைத்தனம் என்ற குணப்பெயர் மட்டும் தங்கிவிட்டது, "பெரிய சட்டாம்பிள்ளையாட்டம் பேசாதே" என்று இன்றைக்கும் வீட்டுக்கு வீடு சொல்கிறோம். அங்கே ஆசிரியர், இங்கே ஆசிரியரின் கையாள், இரண்டு மொழியிலும் வகுப்பறையிலிருந்து கிளம்பி இகழ்ச்சியில் போய் முடிந்திருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த ஒற்றுமை. புலமைச் செருக்கு, புலமைப் பகட்டு என்று எழுதுகிறவர்களிடம் கேட்கிறேன், நூறு வருஷமாக வாயில் புழங்குகிற சொல்லை விட்டுவிட்டு எதற்காக இவ்வளவு கனமாகப் போகிறீர்கள்?

ஆனால் சட்டாம்பிள்ளைத்தனத்தில் அதிகாரம் செய்வதுதான் முன்னால் நிற்கும், நுணுக்கிப் பார்ப்பது கொஞ்சம் பின்னால்தான். தொழில்நுட்பக்காரர்களின் பெடன்ட்ரியில் நுணுக்கம்தான் முக்கியம். அதற்குக் காரணமும் இருக்கிறது. கணினிக்கு 'ஏறக்குறைய' என்ற ஒன்றே கிடையாது. பல நிரல்மொழிகளில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் நிரலே ஓடாது. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அப்படி ஒரு எந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு, மனுஷன் பேசும்போதும் விட்டுப்போன அரைப்புள்ளிதான் கண்ணில் படும். வீம்பு என்று அதை நான் சொல்லமாட்டேன், தொழில் கற்றுக்கொடுத்த கண் அது.

கேட்டுக் கேட்டுப் பழகிப்போன சில திருத்தங்களைப் பாருங்கள். "ஜிபிஎஸ்னு சொல்லக்கூடாது, அது அமெரிக்காக்காரன் வைச்சிருக்கிற ஒண்ணோட பேரு, பொதுவா சொன்னா ஜிஎன்எஸ்எஸ்." சரிதான். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, நம் இஸ்ரோவின் நாவிக் எல்லாம் செயற்கைக்கோளை வைத்து இடம் காட்டுகிற தனித்தனி அமைப்புகள், இன்றைய கைபேசிகள் பல அமைப்புகளைச் சேர்த்தே பார்க்கின்றன. "மணிக்கு பத்து நாட் வேகம்னு சொல்றது தப்பு, 'நாட்'டுக்குள்ளயே மணி இருக்கு." அதுவும் சரி. ஒரு மணி நேரத்தில் ஒரு கடல்மைல், அதாவது 1852 மீட்டர் போவதுதான் ஒரு நாட். இதைத் திருத்துவதால் யாருடைய படகும் சீக்கிரம் கரை சேரப்போவதில்லை. லினக்ஸ் என்ற இயங்குதளத்தை லினக்ஸ் என்று சொன்னதும் "குனு லினக்ஸ்னு சொல்லணும்" என்று குறுக்கே விழுகிறவர்களும் உண்டு. குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் 1983-இல் அறிவிக்கப்பட்டது, இயங்குதளத்தின் நடுப்பகுதியான லினக்ஸ் கருநிரல் 1991-இல் வந்தது, ஆகவே முன்னதற்கும் பெயரில் பங்கு வேண்டும் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான், ஆனால் கணினி திறக்கவில்லை என்று ஒருவர் பதறும்போது எடுக்க வேண்டிய வாதம் இல்லை.

ஹார்டு டிஸ்க் விஷயம் வேறு மாதிரி. கீழக்கரையில் ஒரு கடையில் 1 டெராபைட் என்று அட்டையில் போட்ட டிஸ்க்கை வாங்கிப்போனவர், வீட்டுக் கணினியில் செருகிப் பார்த்து 931 ஜிபிதான் காட்டுகிறது என்று திரும்பி வந்து, "காக்கா, எழுபது ஜிபிய எங்க ஒளிச்சு வச்சீங்க?" என்று சண்டைக்கு நிற்பார் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்). உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், வீட்டுக் கணினி 1024, 1024-ஆகப் பெருக்கிப் பார்க்கிறது. இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் இரண்டாவது கணக்குக்குக் கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்று தனிப்பெயர் வைத்தது. அதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று விளக்கினால் கடைக்காரர் மானம் தப்பும், வாங்கியவருக்கும் நிம்மதி. வெறும் "அது ஜிகாபைட் இல்ல, ஜிபிபைட்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் சண்டை அப்படியேதான் இருக்கும்.

இந்தத் திருத்தங்களோடு ஒட்டிக்கொண்டே வருவது நக்கல். சார்கசம் என்ற ஆங்கிலச் சொல்லின் கிரேக்க வேருக்குச் சதையைக் கிழித்தல் என்று பொருள். நம்மிடம் இதற்குச் சொல் பஞ்சமே கிடையாது. கிண்டலில் பிரியம் இருக்கலாம், எகத்தாளத்தில் இருக்காது. குத்தல்தான் சார்கசத்துக்குப் பக்கத்தில் வரும், இரண்டிலும் காயம் இருக்கிறது. "ஆகா, ஜிபிஎஸ்ஸையே நீங்கதான் கண்டுபிடிச்சீங்க போல" என்றால் அது வஞ்சப்புகழ்ச்சி. "இந்த ஃபைலைத் திறக்க முடியுமா?" என்று கேட்டால் "முடியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது இடக்கு. தொழில்நுட்பக்காரர்களின் நகைச்சுவையில் பாதி இந்த இடக்குதான். சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொள்வதில் நுணுக்கமும் நக்கலும் ஒன்றாகிவிடுகின்றன.

அதன் உச்சத்தை அவர்கள் ஊரிலேயே காட்டலாம். இணையம் எந்த விதிகளின்படி ஓட வேண்டும் என்று எழுதிவைக்கும் ஆவண வரிசைக்கு ஆர்எஃப்சி என்று பெயர். அதில் 1990 ஏப்ரல் 1-ஆம் தேதி வந்த 1149-ஆம் ஆவணம், தகவலைப் புறாக் காலில் கட்டி அனுப்புவதற்கான விதிமுறை. வேகம், தாமதம், இழப்பு என்று மற்ற ஆவணங்களில் இருக்கிற அதே விறைப்பான நடை, எங்கேயும் ஒரு சிரிப்புக்குறி கிடையாது. 2001-இல் நார்வே நாட்டு பெர்கனில் சில ஆர்வலர்கள் அதை உண்மையாகவே செய்து பார்த்தார்கள். 9 தகவல் பொட்டலம் அனுப்பியதில் 4-க்குத்தான் பதில் வந்தது. இதில் யாருடைய சதையும் கிழியவில்லை என்பதைக் கவனியுங்கள், கேலி முழுக்க விதி எழுதும் பழக்கத்தின் மேல்தான். பெடன்ட்ரி அழகாகிற இடம் இது.

எழுத்தில் நக்கல் புரியாமல் போவதும் அவர்களுக்குப் பழைய தலைவலிதான். 1982 செப்டம்பர் 19-ஆம் தேதி கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன், முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்து :-) என்று வேடிக்கைக்கு அடையாளமாகப் போடலாம் என்று யோசனை சொன்னார். வேடிக்கையாக எழுதியதை நிஜம் என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் காரணம். இன்றைக்கு நாம் அனுப்பும் சிரிக்கும் முகங்களுக்கு அது முன்னோடி.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் சிரிப்பு பிறக்கும் இடம் நான்கு என்று சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். சார்கசத்துக்கு இலக்கியத் தமிழில் எள்ளல் தாராளமாகப் பொருந்தும். என்னை நிறுத்திவைத்தது நான்காவது. மடன் என்றாலும் மடம் என்றாலும் ஒன்றுதான், அதற்குப் பழைய உரைகாரர்கள் தரும் விளக்கம் "கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை", அதாவது ஒருவர் அறிவுறுத்தியதை ஏற்றுக்கொண்டு, ஏற்றதை எதற்காகவும் விடாமல் பிடித்துக்கொள்வது. அச்சம், நாணத்தோடு பெண்ணுக்குச் சொல்லும்போது அதைப் புகழ்ச்சியாக வைத்தார்கள், சிரிப்பின் கணக்கில் அதே குணம் சிரிக்கத்தக்கதாக நிற்கிறது. பெடன்டின் உள்ளே இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு விதியைக் கற்றார், கற்றதை விடமாட்டார்.

சரி, எல்லாத் திருத்தமும் பெடன்ட்ரியா? இல்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பாக் விரிகுடாவான வடகடலில், வலை சிக்கிக் கிடக்கும் ஒரு பாரின் (கடலடிப் பாறையின்) பாயின்ட்டை ராமேஸ்வரத்துப் படகு டிரைவர் ஒருவர் கேட்டார், கைபேசி வரைபடத்தைப் பார்த்து 9.30, 79.38 என்று அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் ஒருவர் குழுவில் போட்டார். "இந்த ஜிபிஎஸ் பாயின்ட் போதுமா மாமா?" என்ற கேள்விக்கு முதல் பதில், ஜிபிஎஸ் இல்லை ஜிஎன்எஸ்எஸ் என்று. அடுத்தவர், "பாகைக்குறி போடலியே மாப்ள, செல்சியஸா ஃபாரன்ஹீட்டா?" வரிசையாகச் சிரிப்பு முகங்கள். அப்புறம் ஒரு பையன் எழுதினான்: "மாமா, போட்டுல உள்ள ஜிபிஎஸ்ல நிமிசமாத்தான் கேக்கும். 9 பாகை 18 நிமிசம், 79 பாகை 22.8 நிமிசம்னு அடிங்க. 30, 38னு அடிச்சிராதீங்க."

கணக்குப் போட்டுப் பாருங்கள். கைபேசி காட்டியது பாகையின் தசமம். ஒரு பாகைக்கு 60 நிமிடம், ஆகவே 0.30 பாகை என்பது 18 நிமிடம், 0.38 பாகை என்பது 22.8 நிமிடம். இந்த 22.8-ஐயே 38 நிமிடம் என்று அடித்தால் புள்ளி 15 நிமிடத்துக்கு மேல் கிழக்கே நகர்ந்துவிடும், அந்த இடத்தில் அது ஏறத்தாழ 28 கிலோமீட்டர். கச்சத்தீவே 79 பாகை 31 நிமிடம் பக்கத்தில்தான் இருக்கிறது. இலங்கையோடு 1974 ஒப்பந்தத்தில் போட்ட எல்லைக்கோட்டைத் தாண்டிப் படகு எங்கேயோ போயிருக்கும், போனால் என்ன நடக்கும் என்று எங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். மூன்று பேரும் திருத்தினார்கள், மூன்று பேர் சொன்னதிலும் பிழையில்லை. ஆனால் கேட்டவர் அடுத்துச் செய்யப்போவதை மாற்றியது கடைசித் திருத்தம் ஒன்றுதான். நான் வைத்திருக்கிற உரைகல் இது. திருத்தத்தைக் கேட்டபிறகு கேட்டவரின் கை வேறு மாதிரி அசையுமா? அசையும் என்றால் அதைப் பெடன்ட்ரி என்று சொல்லிப் பையன்களின் வாயை அடைக்காதீர்கள்.

இனி சொல்லுக்கு வருவோம். நுணுக்கம், துல்லியம் என்ற சொற்களை இதற்குச் செலவழிக்கக் கூடாது, அவை அந்தப் பையன் செய்ததற்கு வேண்டும். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்பது ஊதிப் பெருக்குவதைச் சொல்வது, கொஞ்சம் விலகிப்போகிறது. குதர்க்கத்தில் வாதம் கோணலாக இருக்கும், பெடன்டின் வாதம் நேராகவே இருக்கும். என் தேர்வு நொட்டை. "நொட்டை சொல்லாதே", "எதை எடுத்தாலும் நொட்டை நொள்ளை" என்று நாம் தினமும் புழங்குவதுதான். நொட்டை என்பதற்கு நாக்கைச் சப்புக்கொட்டுவது என்றும் ஒரு பொருள் உண்டு. திருத்த வருகிறவர் வாயைத் திறக்கும் முன்னால் கொட்டுகிற அந்த 'ச்சு' சத்தம் சொல்லிலேயே கேட்கிறது.

ஆகவே செயலைச் சொல்லும்போது நொட்டை சொல்லுதல், குணத்தைச் சொல்லும்போது சட்டாம்பிள்ளைத்தனம், ஆளைச் சொல்ல சட்டாம்பிள்ளை. கட்டுரை நடையில் வேண்டுமென்றால் நொட்டைப் புலமை என்று எழுதலாம், புலமை இருக்கிறது என்பதையும் அது எங்கே செலவாகிறது என்பதையும் சேர்த்தே காட்டும். "பெடன்டிக்கா பேசுறேன்னு நினைக்காதீங்க" என்பதற்குப் பதிலாக "நொட்டை சொல்றேன்னு நினைக்காதீங்க" என்று சொல்லிப் பாருங்கள், ஜெட்டியில் நிற்கிற யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்காது.