ரசிகர் காத்திருக்கும் வரி

புகழ்பெற்ற ஒரு பாடலின் முதல் சில ஸ்வரங்கள் கிட்டாரில் எழுந்ததுமே அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. பாடகர் இன்னும் வாய் திறக்கவில்லை. அந்தக் கைதட்டல் கேட்டதற்கு அல்ல, வரப்போவதற்கு. தெரிந்ததையே கேட்க விரும்பும் ரசிகர்களுக்கும் புதிதாக எதையாவது செய்ய விரும்பும் மேடைக்கும் நடுவே ஓயாமல் நடக்கும் இழுபறியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நரம்பியலாளர் உல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் எதிர்பார்ப்போடும் இன்பத்தோடும் தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கண்காணித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை வேகமாகத் துடித்தன. இந்தச் சமிக்ஞை வந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு சமிக்ஞைக்கு இடம்பெயர்ந்தது; சாறு வந்தபோது தனியாக ஒன்றும் நிகழவில்லை. சமிக்ஞை வந்தும் சாறு வராவிட்டால்? அது வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது.

இசையிலும் இந்த எதிர்பார்ப்பு வேலை செய்கிறது. தங்களைச் சிலிர்க்க வைக்கும் இசையைத் தேர்ந்தெடுத்து வருமாறு பங்கேற்பாளர்களிடமே கேட்டு, அவர்கள் அதைக் கேட்கும்போது மூளையைப் படமெடுத்தார்கள் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 2011இல் வெளியான முடிவின்படி, சிலிர்ப்பின் உச்சத்துக்குச் சற்று முன்பு ஒரு பகுதியிலும், உச்சத்தின்போது வேறொரு பகுதியிலும் டோபமைன் வெளிப்பட்டது. காத்திருப்பதே பாதி இன்பம்.

இப்போது கலைஞரின் பக்கம் வருவோம். பழகப் பழக ஒன்றின் மீது விருப்பம் ஏறும். ஓர் அளவைத் தாண்டினால் இறங்கும். உளவியலாளர் டேனியல் பெர்லைன் இதைக் கவிழ்த்த கிண்ணம் போன்ற வளைவாக வரைந்தார். ஒரு பாடலை ரசிகர் மேடையில் எப்போதாவதுதான் கேட்கிறார். கலைஞரோ அதை எழுதும்போதும், ஒத்திகையிலும், சுற்றுப்பயணத்தின் ஒவ்வோர் இரவிலும் கேட்கிறார். ரசிகர் ஏறிக்கொண்டிருக்கும்போது கலைஞர் மறுபக்கம் இறங்கிவிடுகிறார். ஆகவே ரசிகரைப் பழமைவாதி என்பதும் கலைஞரைத் திமிர் பிடித்தவர் என்பதும் எனக்கு அநியாயமாகவே படுகிறது.

இந்த இடைவெளி வெடித்த இடங்களில் ஒன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர். 1966 மே 17 அன்று, நாட்டுப்புறப் பாணிப் பாடல்களால் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் முதல் பாதியைத் தனியாக, சாதாரண கிட்டாரும் ஹார்மோனிகாவுமாகப் பாடினார். அரங்கம் அமைதியாகக் கேட்டது. இரண்டாம் பாதியில் எலெக்ட்ரிக் கிட்டார் குழு ஏறியது. “யூதாஸ்!” என்று ஒரு குரல் கத்தியது, துரோகி என்று பொருள். “உன்னை நான் நம்பவில்லை, நீ பொய்யன்” என்றார் டிலன். பிறகு இன்னும் ஓங்கி வாசித்தார்கள். எல்லாவற்றையும் டோபமைன் கணக்கில் எழுதிவிட முடியாது. எலெக்ட்ரிக் கிட்டாரை நாட்டுப்புற இசை ரசிகர்கள் பலர் வணிகத்தின் அடையாளமாகப் பார்த்தார்கள். அவர்களுக்கு அது கொள்கை சார்ந்த காயமும்கூட. ஆனால் அந்தக் குரலின் கொதிப்பில், வரவேண்டிய கணத்தில் வராமல் போன ஒன்றின் வலியும் இருந்தது என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் ரசிகரின் மூளைக்குப் புதுமையே ஆகாதா? அப்படியில்லை. லைப்சிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 745 அமெரிக்க வெற்றிப் பாடல்களின் ஸ்வரக்கூட்டுகளை (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) கணினியால் அலசினார்கள்; அவற்றில் சில பாடல்களிலிருந்து மெட்டையும் வரிகளையும் நீக்கிவிட்டு, ஸ்வரக்கூட்டுகளை மட்டும் கேட்க வைத்து 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அடுத்து இதுதான் என்று உறுதியாக நம்பிய இடத்தில் வேறொன்று வந்தபோதும், எது வரும் என்று புரியாத இடத்தில் வியப்பூட்டாத ஒன்று வந்தபோதும் இன்பம் மிகுந்தது. உறுதியும் வியப்பும் எந்த விகிதத்தில் கலக்கின்றன என்பதே விஷயம்.

கர்நாடக இசைக் கச்சேரியின் கல்பனாஸ்வரத்தை, அதாவது பாட்டின் ஒரு வரிக்குத் திரும்பித் திரும்பி வந்தபடி பாடகர் கற்பனையாகப் பாடும் ஸ்வரங்களை, இந்தக் கண்ணோடு பார்க்க எனக்குப் பிடிக்கும். தொடையில் தாளம் போடும் ரசிகருக்கு, அந்தப் பாட்டு வரி ஆவர்த்தனத்தின் (தாளத்தின் ஒரு முழுச் சுற்றின்) எந்த இடத்தில் எடுக்கும் என்பது அத்துப்படி. பாடகர் அங்கே வந்து சேரும் வழிதான் தெரியாது. முடிவில் வரும் கோர்வையை, அதாவது கணக்காக அமைந்த ஸ்வரத் தொடரை, முன்பே கணக்குப் போட்டு வருகிறவர்கள் உண்டு. ஆனாலும் அதற்கு முந்தைய சுற்றுகளில் பல மேடையிலேயே பிறக்கின்றன. கலைஞர் வளர்வதற்கான இடம் பாட்டின் அமைப்புக்குள்ளேயே ஒதுக்கப்பட்டிருக்கிறது. பதிவாகி மனப்பாடமாகிவிட்ட ராக் பாடலில் அப்படிப்பட்ட இடம் குறைவு; அங்கே கலைஞர் எதை மாற்ற நினைத்தாலும் ரசிகர் காத்திருக்கும் வரியிலேயே கைவைக்க வேண்டியிருக்கிறது.