இரைப்பையே இல்லாமல் சாப்பிட முடியுமா?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்கு இரைப்பையில் புற்று. வேறெங்கும் பரவவில்லையாம். இரைப்பையை முழுசா எடுக்கணும்னு டாக்டர் சொல்றார். அப்புறம் சாப்பாடு எங்கே போகும்?"

முதலில் சிகிச்சை. உட்சவ்வோடு நின்றுவிட்ட சின்னப் புற்று என்றால், பெரும்பாலும் வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே அரிந்தெடுக்கலாம். ஆனால் மலையில் யார் அவ்வளவு சீக்கிரம் வருகிறார்கள்? இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் பெரியாஸ்பத்திரிக்கு வரச் சலித்துக்கொண்டு, அசிடிட்டி மாத்திரையிலேயே மாதங்கள் ஓடிவிடும். ஆழமாகப் போன கட்டிக்கு அறுவைக்கு முன் நான்கு சுற்று, பின் நான்கு சுற்று கீமோ. 2019இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், பழைய மருந்துக் கலவையில் பாதிப் பேர் 35 மாதத்தைத் தாண்டினார்கள்; புதிய கலவையில் பாதிப் பேர் 50 மாதத்தைத் தாண்டினார்கள். அறுவையில் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்தே எடுப்பார்கள். 'கத்தி பட்டால் புற்று பரவும்' என்று திண்ணையில் சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். இந்தக் கட்டத்தில் குணமாக்கும் வழியே அந்தக் கத்திதான்.

சரி, சாப்பாடு? சிறுகுடலை வெட்டி ஒரு முனையை மேலே இழுத்து உணவுக்குழாயோடு தைப்பார்கள். பித்தநீர் வரும் மறுமுனையை ஒன்றரை, இரண்டு அடி கீழே இணைப்பார்கள். செரிமானத்தின் பெரும்பகுதி சிறுகுடல் வேலைதான். கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தாறு வேளை சாப்பிட்டால் போதும். சீசனில் மாம்பழ ஜூஸை ஒரே மடக்கில் குடித்தால் மட்டும் படபடத்து வியர்த்துவிடும்.

ஆனால் ஒரு வேலையை இரைப்பை தவிர வேறு எதுவும் செய்யாது. பி12 வைட்டமினைக் கையோடு கூட்டிப்போகும் ஒரு புரதத்தை இரைப்பைதான் சுரக்கிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உள்ள செல்கள் பி12 தனியாக வந்தால் கண்டுகொள்ளாது. ஜோடியாக வந்தால்தான் உள்ளே விடும். இதில் அழகு என்னவென்றால், இரைப்பை போனாலும் உடனே எதுவும் தெரியாது. கல்லீரலில் 2, 3 மில்லிகிராம் சேமிப்பு இருக்கிறது. ஒரு நாள் தேவையோ 2 மைக்ரோகிராம். கணக்குப்படி மூன்று, நான்கு வருஷம் தாங்க வேண்டும். அதற்கு முன்பே தீர்ந்துபோகலாம், ஏனென்றால் கல்லீரல் தினமும் பித்தநீரில் கொஞ்சம் பி12ஐ அனுப்புகிறது. அதைத் திரும்ப உறிஞ்சவும் அதே புரதம் வேண்டும்!

பி12 தீர்ந்தால் நரம்பு பழுதாகும். கால் மரத்துப்போகும் வரை காத்திருந்தால் அந்தச் சேதம் முழுசாகச் சரியாகாமல் போகலாம். அதனால் முழு இரைப்பையும் எடுத்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே பி12 ஊசி தொடங்கிவிடுவார்கள். தசையில் போடுவதால் குடலையே தொடாமல் ரத்தத்துக்குப் போய்விடும். சிலருக்கு அதிக டோஸ் மாத்திரையும் பலிக்கும். விழுங்குவதில் நூற்றில் ஒரு பங்கு எந்தத் துணையும் இல்லாமல் தானாகவே கசிந்து உள்ளே போகிறது.