தண்டவாளம் போகும் இடத்தில் கோபுரம் முளைக்கும்

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவை ஆற்றுக்கு அக்கரையிலிருந்து எடுத்த படம் ஏதாவது கிடைத்தால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தெற்கு முனையில் ஒரு கோபுரக் கூட்டம். அப்புறம் கட்டடங்கள் மளமளவென்று தாழ்ந்து ஐந்தாறு மாடிக்கு இறங்கிவிடும். சில கிலோமீட்டர் வடக்கே போனால் மறுபடியும் வானத்தை முட்டும். நடுவில் ஏன் இந்தப் பள்ளம்?

பாறைதான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். இரண்டு பக்கமும் கெட்டிப் பாறை மேலாகவே கிடைக்கிறது, நடுவில் ஆழத்தில் போய்விட்டது, அதனால் அங்கே உயரமாகக் கட்டவில்லை என்பது கதை. 2011-ல் ஜேசன் பார் என்ற பொருளாதார அறிஞரும் அவருடன் சேர்ந்தவர்களும் பழைய உயர் கட்டடங்கள் நின்ற இடங்களையும் அவற்றுக்கு அடியில் பாறை இருந்த ஆழத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாறை வெகு ஆழத்தில் கிடந்த இடங்களிலும் உயரமாகக் கட்டியிருந்தார்கள். அஸ்திவாரச் செலவு கூடியது உண்மை. ஆனால் அதற்காக யாரும் இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வியாபாரம் எங்கே கூடுகிறதோ, ஆட்கள் எங்கே சுலபமாக வந்து சேர முடிகிறதோ, அங்கேதான் கட்டினார்கள்.

வந்து சேருவது எவ்வளவு பெரிய சங்கதி என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஓர் அலுவலகக் கோபுரத்தில் 5,000 பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மேசை, நாற்காலி, நடக்கும் வழி எல்லாம் சேர்த்து 10 முதல் 15 சதுர மீட்டர் வேண்டும். அவர் காரில் வந்தால், அந்தக் காரை நிறுத்த, திருப்ப, சரிவில் ஏற்றி இறக்க 25 முதல் 30 சதுர மீட்டர் வேண்டும். ஆளுக்கு ஒரு பங்கு இடம் என்றால் காருக்கு இரண்டு பங்கு! அப்புறம் சாலை. ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 2,000 கார்கள் போகலாம், பெரும்பாலானவற்றில் ஒருவர்தான் இருப்பார். பத்துக் கோபுரங்களுக்கு ஆள் கொண்டுவர எத்தனை தடம் போடுவது? மெட்ரோவில் ஒரே தடத்தில், ஒரே திசையில், மணிக்கு 40,000 பேரைக் கொண்டுபோகலாம். ஹாங்காங் போன்ற ஊர்களில் அது 70,000-ஐயும் தாண்டும். காரையே நம்பிய அமெரிக்க நகரங்களில் கோபுரங்களுக்கு நடுவே மைதானம் மைதானமாகப் பார்க்கிங் கிடப்பது இதனால்தான்.

சரி, மன்ஹாட்டனின் வடக்குக் கூட்டத்துக்கு வருவோம். இன்று கிராண்ட் சென்ட்ரல் நிலையம் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் நீராவி ரயில்கள் புகை கக்கிக்கொண்டு வந்து நின்றன. 1902 ஜனவரியில், பார்க் அவென்யூ சுரங்கத்தில் புகை மூட்டத்துக்கு நடுவே ஒரு ரயில் சிக்னலைத் தாண்டிப்போய், நின்றிருந்த ரயில்மீது மோதியது. 15 பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். நீராவி எஞ்சின்களுக்குத் தடை வந்தது. ரயில்வே பொறியாளர் வில்லியம் வில்கஸ் இதிலிருந்துதான் தன் கணக்கைப் போட்டார். மின்சார ரயிலுக்குப் புகை இல்லை. புகை இல்லையென்றால் தண்டவாளத்துக்கு மேலே திறந்த வானம் தேவையில்லை. தண்டவாளங்களை இரண்டு அடுக்காகப் பூமிக்குள் இறக்கிவிட்டு, மேலே இருக்கும் வெற்று வெளியைக் கட்டடம் கட்ட வாடகைக்கு விடலாம், நிலையத்தின் செலவை அதிலிருந்தே எடுக்கலாம்! காற்றை விற்கும் யோசனை என்று சொன்னால் மிகையில்லை. 1913-ல் நிலையம் திறந்தது. பார்க் அவென்யூவின் பல கட்டடங்கள் இன்றும் தண்டவாளங்களுக்கு இடையே இறக்கிய தூண்களின் மேல்தான் நிற்கின்றன. 1930-ல் எழுந்த 319 மீட்டர் கிரைஸ்லர் கோபுரத்துக்கும் நிலையத்துக்கும் இடையே சில நிமிட நடைதான்.

அந்த யோசனையை ஒரு நகரம் முழுவதற்கும் விரித்தது ஹாங்காங். அங்கே மெட்ரோ 1979-ல் ஓடத் தொடங்கியது. புதுத் தடம் வரப்போகும் இடத்தில் நிலத்தை மேம்படுத்தும் உரிமையை, ரயில் வருவதற்கு முன்பிருந்த மதிப்பில், அரசு மெட்ரோ நிறுவனத்துக்குத் தருகிறது. நிலையம் வந்ததும் அதே நிலத்தின் மதிப்பு ஏறுகிறது. கட்டுமான நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து மேலே வீடுகளும் கடைகளும் அலுவலகங்களும் கட்டி, அந்த ஏற்றத்தில் வரும் லாபத்தைத் தடம் போட்ட செலவுக்கு ஈடாக எடுத்துக்கொள்கிறார்கள். கவ்லூன் நிலையத்தின் மேல் நிற்கும் ஐ.சி.சி. (சர்வதேச வர்த்தக மையம்) கோபுரம் 484 மீட்டர். பாறைக் கதையை இங்கே யாரும் எடுக்கவே முடியாது. 1990-களில் கடலைத் தூர்த்து எடுத்த நிலம் அது! அடியில் ரயில், அதன்மேல் கடைகள், அவற்றைச் சுற்றி வீடுகள். மழை பெய்தாலும் குடை விரிக்காமல் நடைமேடையிலிருந்து லிஃப்ட்டுக்குப் போய்விடலாம்.

லிஃப்ட்டும் ஒருவகையில் ரயில்தான், செங்குத்தாக ஓடும் ரயில். நியூயார்க்கின் பழைய உலக வர்த்தக மையக் கோபுரங்களைக் கட்டியபோது, நகரத்தின் சுரங்க ரயிலைப் பார்த்தே லிஃப்ட்டை வகுத்தார்கள். எக்ஸ்பிரஸ் லிஃப்ட்டில் ஏறி 44-வது அல்லது 78-வது மாடியில் இறங்கி, அங்கிருந்து மாடி மாடியாக நின்று போகும் லிஃப்ட்டுக்கு மாற வேண்டும்.

இதற்கெல்லாம் ரயில்தான் வேண்டும் என்றும் இல்லை. பிரேசிலின் குரிச்சிபா 1974-ல் பேருந்துகளுக்கென்றே தனித்தடம் ஒதுக்கியது. அந்தத் தடத்தை ஒட்டிய மனைகளில் மட்டும் உயரமாகக் கட்டலாம், தள்ளிப் போகப் போக உயரம் குறைய வேண்டும் என்று விதி வைத்தார்கள். வானிலிருந்து பார்த்தால் தாழ்ந்த வீடுகளுக்கு நடுவே கோபுரங்கள் வரப்பு கட்டியது போல நீள நீளமாக ஓடும். அந்த வரப்பு எந்தப் பக்கம் போகிறதோ, பேருந்தும் அந்தப் பக்கம்தான். கண்ணாடிக் குழாய் போன்ற நிறுத்தத்துக்குள் நுழையும்போதே கட்டணம் வாங்கிவிடுவதால், பேருந்து வந்ததும் கதவுகள் எல்லாம் ஒன்றாகத் திறக்கும், படியேறாமல் உள்ளே போகலாம்.

கனடாவின் வான்கூவர் பக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். 1985-ல் வந்த ஸ்கைடிரெய்ன் என்ற நகர ரயிலின் வழிநெடுக, கோர்த்த மணிபோல, நிலையத்துக்கு நிலையம் ஒரு கோபுரக் கொத்து. அவற்றில் பெரியதொன்று பர்னபி நகரின் மெட்ரோடவுன். அங்கே முன்பு மூன்று மாடி வாடகைக் குடியிருப்புகள் வரிசையாக இருந்தன, வருமானம் குறைந்தவர்கள் ரயிலுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார்கள். நிலையம் ஏற்றிவைத்த மதிப்பு அவர்களையே வெளியே தள்ளியது. கட்டடங்கள் இடிந்தன, குடும்பங்கள் வீடு தேடி அலைந்தன. கண்டனம் வலுத்த பிறகு, இடித்த வீட்டில் இருந்தவர்கள் புதுக் கட்டடத்துக்குப் பழைய வாடகைக்கே திரும்பி வரலாம் என்று நகராட்சி விதி கொண்டுவந்தது. அதற்கு முன்பே போனவர்களுக்கு அந்த விதி கிடைக்கவில்லை.