12,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறதாம்!

போன வாரமும் ஒரு தம்பி வந்தார். வாங்கப்போவது பழைய ஸ்போர்ட்ஸ் கார், 2014 மாடல் போர்ஷே பாக்ஸ்டர். “12,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, அண்ணா. அதனால மத்த வண்டியைவிட 6 லட்சம் கூடச் சொன்னாங்க. அட்வான்ஸ் கொடுத்துட்டேன். ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க” என்றார். அட்வான்ஸ் கொடுத்த பிறகு நான் பார்த்து என்ன ஆகப்போகிறது?

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். ஓடாத கார் புதுக் கார் இல்லை. ரப்பருக்கும் ஆயிலுக்கும் கிலோமீட்டர் கணக்கு தெரியாது, வருஷக் கணக்குதான். பிரேக் ஆயிலை, வண்டி நின்ற இடத்திலேயே நின்றாலும், 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். இந்த வண்டிக்கு 2019-க்கு அப்புறம் சர்வீஸே நடக்கவில்லை. “ஓடவே இல்லையே, எதுக்கு சர்வீஸ்?” என்றாராம் விற்பவர். டயரில் பட்டன் தேயவில்லை என்று தம்பிக்கு ஒரே சந்தோஷம். டயரின் பக்கவாட்டில் இருந்த எண் 2314, அதாவது 2014-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்தது. தொட்டால் கல் மாதிரி இருக்கிறது. மழையில் இதை வைத்துக்கொண்டு ஈ.சி.ஆரில் வேகம் எடுத்தால் என்ன ஆகும்?

சரி, மீட்டர் சொல்வதாவது உண்மையா? போன மாதம் பார்த்த இன்னொரு வண்டியிலும் 12,000தான். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட்டால் இன்ஜின் ஓடிய நேரம் 1,600 மணி. வகுத்துப் பாருங்கள், மணிக்கு ஏழரை கிலோமீட்டர். தினமும் சாயங்காலம் அண்ணா சாலையில் மட்டுமே ஓட்டினால்கூட இப்படி வராது. மீட்டரைத்தான் பின்னால் திருப்பியிருக்கிறார்கள்.

அதனால் விலை பேசும்போது மீட்டரை மறந்துவிடுங்கள். அதே வருஷம், அதே மாடல் இப்போது என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று நாலு இடத்தில் விசாரியுங்கள். முதல் வருஷம் நீங்கள் செய்யப்போகும் செலவை அதில் கழியுங்கள். கார் விலை பாதிக்குக் கீழே இறங்கியிருக்கலாம், ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்காது. நாலு டயருக்கே லட்சத்தைத் தாண்டும்.

இன்ஷூரன்ஸ் பாலிசியை வாங்கிப் பாருங்கள். 5 வருஷம் கிளெய்ம் இல்லாமல் இருந்தால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, 50 சதவீதம் இருக்கும். பத்து வயசு வண்டியில் பூஜ்யம் என்றால் ஏன் என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், உங்கள் பணம்.

நீங்கள் போவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். போனதும் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிய இன்ஜினில் தெரியும் கோளாறை மறைக்க முன்பே ஓட்டியிருக்கலாம்; இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். அடிபட்ட இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்களா என்று காந்தம் வைத்துக் கண்டுபிடிக்கும் பழைய வித்தையும் பாக்ஸ்டரில் பலிக்காது, போனட்டும் கதவும் அலுமினியம். ஆர்.சி., கடன் பாக்கி எல்லாம் உங்களுக்கே தெரியும்.

அந்தத் தம்பி இப்போது 4 லட்சம் குறைக்கச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறார். அட்வான்ஸ் அவர்கள் கையில் இருக்கிறது. போன் செய்தால் எடுப்பதில்லையாம்.