நமக்குப் பிறகு குழந்தை யாரிடம்? எழுதி வைத்துவிட்டீர்களா?

அந்த வழக்கில் இரண்டு தரப்புமே நல்லவர்கள். எனக்கு இன்றும் உறுத்துவது அதுதான்.

சாலை விபத்தில் கணவன், மனைவி இருவரும் போய்விட்டார்கள். நான்கு வயதுப் பெண் குழந்தை அன்று அம்மாச்சி வீட்டில் இருந்ததால் தப்பினாள். "என் மகள் பெற்ற பிள்ளை என்னிடம்தான் வளரும்" என்றார் அம்மாச்சி. "எங்கள் பிள்ளைகளோடு மூன்றாவதாக வளரட்டும்" என்றார்கள் சித்தப்பாவும் சித்தியும். யாருக்கும் பணத்தின் மேல் கண் இல்லை. ஆனாலும் நீதிமன்றத்துக்கு வர வேண்டியதாயிற்று. அம்மாச்சிக்காக நான் ஆஜரானேன்.

தகப்பனாரின் இன்சூரன்ஸ் பாலிசியில் நாமினி, மனைவி. அவரும் இல்லை. வங்கிக்குப் போனால், "மைனருக்கு கார்டியன் யார், கோர்ட் ஆர்டர் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டப்படி பெற்றோர்தான் இயற்கைக் காப்பாளர், அதாவது யாரும் நியமிக்காமலே கார்டியன் ஆகிறவர்கள். தாத்தா, பாட்டி, மாமா, சித்தப்பா யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளையை வளர்க்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக அதன் சொத்தில் கைவைக்கவும் முடியாது.

அப்புறம் 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் கீழ், கார்டியனை நியமிக்கக் கேட்டு மனு. நீதிபதி பார்ப்பது முதலில் குழந்தையின் நலன். கேட்பவரின் குணம், தகுதி, உறவின் நெருக்கம் எல்லாம் அதை ஒட்டி வரும். இறந்த பெற்றோரின் விருப்பம் என்ன என்பதையும் சட்டம் பார்க்கச் சொல்கிறது. இங்கேதான் எங்களிடம் ஒன்றுமே இல்லை. அம்மாச்சி, மகளின் பழைய வாட்ஸ்அப் குரல் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தேடினார். அந்த வேலையை ஒரு தாய்க்குக் கொடுத்திருக்கவே கூடாது.

உயிலில் இரண்டு வரி போதும். "எங்களுக்குப் பிறகு எங்கள் மைனர் குழந்தைக்கு இன்னார் கார்டியன்." முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிந்துவிடுவது நல்லது என்பேன். இரண்டு சாட்சிகள் கையெழுத்து கட்டாயம்.

பலருக்கும் தெரியாத ஒன்று: கணவர் மட்டும் எழுதினால் போதாது. அவர் முதலில் இறந்தால் அவர் நியமித்தது அப்போது செல்லாது, ஏனென்றால் தாய் இருக்கிறார். பிறகு தாயும் யாரையும் உயிலில் நியமிக்காமல் இறந்தால்தான் தகப்பனார் எழுதியதற்கு மறுபடி உயிர் வரும். தாய் வேறொருவரை எழுதியிருந்தால் அவர்தான். அதனால் இருவரும் உட்கார்ந்து பேசி, தனித்தனி உயிலில் ஒரே பெயரை எழுதுங்கள். (இதெல்லாம் இந்துக்களுக்கான சட்டம். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் விதிகள் வேறு, தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

யாரை எழுதுவது? பெரும்பாலும் தாத்தா, பாட்டி பெயரைத்தான் சொல்கிறார்கள். குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்போது அவர்களுக்கு என்ன வயது இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஆளால் முடியாமல் போனால் இன்னார் என்று இரண்டாவது பெயரும் வேண்டும். எழுதும் முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், சரி, ஒரு காபி குடிக்கிற நேரம்தான்.

சொத்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. உயிலில் பெயர் இருந்தாலும், மைனரின் வீட்டையோ நிலத்தையோ விற்க நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அது குழந்தைக்கான காவல், அதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். இன்சூரன்ஸில் குழந்தையை நாமினியாகப் போட்டால், பணத்தை வாங்கிக்கொள்ள அப்பாயிண்டி ஒருவரின் பெயரையும் எழுத வேண்டும். இன்றிரவே பாலிசியை எடுத்து அந்த இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

உயிலை எழுதி பீரோவில் பூட்டிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கார்டியனாக எழுதிய ஆளிடம் ஒரு நகலைக் கொடுங்கள், அசல் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.