பின்னணியில் ஒரு பாதத் துணுக்கு: போட்டிப் படத்தை எவ்வளவு எடிட் செய்யலாம்?

2010-ல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்ற பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் பரிசு வாங்கிய ஸ்டெபான் ருடிக் என்ற உக்ரைன் புகைப்படக்காரரிடமிருந்து அந்தப் பரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கீவ் நகரத் தெருச்சண்டைக்காரர்களைப் பற்றிய படத்தொடர் அது. அதில் ஒரு படம், ஒருவர் கையில் துணி சுற்றிக் கட்டுகிற காட்சி. கைக்குப் பின்னால் வேறு யாரோ ஒருவருடைய பாதத்தின் ஒரு துணுக்கு தெரிந்தது, அதை அழித்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால் அதே படத்தைக் கலரிலிருந்து கறுப்பு வெள்ளைக்கு மாற்றியிருந்தார், அகலமான ஃப்ரேமை வெட்டி வெட்டிக் கடைசியில் கை மட்டும் இருக்கிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தார், ஓரங்களை இருட்டாக்கியிருந்தார், பழைய ஃபிலிம் மாதிரி புள்ளிகளும் தூவியிருந்தார். இதெல்லாம் பிரச்சினை ஆகவில்லை. அந்தத் துணுக்குதான் ஆனது.

முக்கால்வாசிப் படத்தை வெட்டி எறியலாம், ஒரு துணுக்கை அழிக்கக் கூடாதா என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. படத்துக்கு ஓரம் உண்டு என்பதும், ஓரத்துக்கு அப்பால் ஏதோ இருந்திருக்கும் என்பதும் பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும். வெட்டும்போது அந்த ஓரம் உள்ளே நகர்கிறது, அவ்வளவுதான். படத்துக்கு நடுவே ஒன்றை அழித்தால் அந்த இடத்தில் வேறு பிக்சல்களை வைத்தாக வேண்டும், அவை ‘இங்கே ஒன்றுமே இல்லை’ என்று பொய் சொல்லும்.

சரி, லென்ஸே பின்னணியை அழிக்கிறதே, அதை ஏன் யாரும் கேட்பதில்லை? லென்ஸை எஃப் 1.8 என்று அகலமாகத் திறந்து முகத்தை ஃபோகஸ் செய்தால் பின்னால் இருக்கும் கடைத்தெரு முழுவதும் கரைந்துவிடும். ஃபோகஸ் தளத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி, சென்சாரைத் தொடுவதற்கு முன்பே குவிந்து, தாண்டி, மறுபடி விரிந்து ஒரு வட்டமாக விழுகிறது. அந்த வட்டம் எவ்வளவு பெரியது என்பதை லென்ஸின் திறப்பும் குவிய நீளமும் தூரங்களும் முடிவு செய்கின்றன. இதில் கவனிக்க வேண்டியது, ஒரே தூரத்தில் பத்துப் பேர் நின்றால் பத்துப் பேரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் மங்குவார்கள். நடுவில் நிற்கிற ஒருவரை மட்டும் மறை என்று லென்ஸிடம் சொல்ல முடியாது. எடிட்டிங் மென்பொருளிடம் சொல்லலாம். விதி எங்கே கோடு போட வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் இந்தப் பாரபட்சம்தான்.

ஆனால் இந்த அளவுகோலும் ஓரிடத்தில் திணறும். படத்தில் ஒரு பகுதியை மட்டும் கொஞ்சம் இருட்டாக்குவது, வெளிச்சமாக்குவது எல்லாம் ஃபிலிம் காலத்து டார்க்ரூமிலேயே நடந்தது, பெரும்பாலான போட்டிகள் ஏற்றுக்கொள்கிற வேலை. எதுவரை? சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 16,384 ஒளி நிலைகள் உண்டு, போட்டிக்கு அனுப்பும் ஜேபெக்கில் 256 மட்டுமே. நிழலில் நிற்கும் ஓர் ஆள் ராவில் மங்கலாகவேனும் இருப்பார். அந்தப் பக்கத்தை ஸ்லைடரால் கீழே தள்ளிக்கொண்டே போனால் ஜேபெக்கில் அவரும் சுவரும் எல்லாம் சுழியம், கட்டக் கறுப்பு. யாரையும் யாரும் அழிக்கவில்லை, ஆனாலும் ஆளைக் காணோம்! வேர்ல்ட் பிரஸ் போட்டோ விதிகள் இதற்குப் பதில் வைத்திருக்கின்றன: கான்ட்ராஸ்ட், அடர்த்தி, நிறம் இவற்றை மாற்றுவதன் மூலம் பின்னணியையோ அதில் இருக்கும் ஆட்களையோ பொருட்களையோ மறைப்பதும் ஏமாற்றுதான். பல போட்டிகள் இந்த வரியை எழுத மறந்துவிடுகின்றன.

அழித்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பாதி வேலையை ரா கோப்பே முடித்துவிடும், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ரா இல்லையென்றால் நாய்ஸைப் பார்ப்பார்கள், அதாவது படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் ஏற்ற இறக்கத்தை. ஒளி ஃபோட்டான் என்ற துகள்களாக வருவதால் அதன் எண்ணிக்கை எப்போதும் ஏறி இறங்கும், அந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும்: சராசரியாக 100 ஃபோட்டான் விழும் இடத்தில் 10, 10,000 விழும் இடத்தில் 100. ஆகவே ஒரே காட்சியில் வெளிச்சத்துக்கும் நாய்ஸுக்கும் ஒரு கணக்கு உண்டு. வேறு நாள் எடுத்த வானத்தை ஒட்டினால் அந்தக் கணக்கு பெரும்பாலும் உதைக்கும். குளோன் ஸ்டாம்பில் சுவரின் ஒரு துண்டை எடுத்து இன்னோர் இடத்தில் பூசினால் இன்னும் மோசம், ஒரே நாய்ஸ் இரண்டு இடத்தில் இருக்கும். இயற்கையில் அப்படி நடக்கவே நடக்காது. இது போக, ஒவ்வொரு சென்சாரிலும் பிக்சலுக்குப் பிக்சல் உணர்திறன் நுணுக்கமாக மாறும், அது அந்தக் கேமராவின் கைரேகை. அந்தக் கைரேகை படத்தின் ஒரு மூலையில் மட்டும் இல்லையென்றால் அந்த மூலையைக் கேள்வி கேட்கலாம்.

சில சமயம் இவ்வளவு கணக்கும் தேவைப்படாது. 2016 ஜனவரியில் நிக்கான் சிங்கப்பூர் பரிசு கொடுத்த ஒரு படத்தில், ஏணிச் சட்டத்துக்குள் கச்சிதமாக ஒரு விமானம் பறந்துகொண்டிருந்தது. பார்த்தவர்கள் படத்தை போட்டோஷாப்பில் திறந்து லெவல்ஸ் என்ற வெளிச்ச ஸ்லைடரை நகர்த்தினார்கள், விமானத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு சதுரம் எழுந்து நின்றது. ஒட்டுப்போட்ட இடம். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நடுவர்கள் அந்த ஒரு ஸ்லைடரை நகர்த்தியிருந்தால் தீர்ந்திருக்கும்.

போட்டோஷாப்பில் 2010-ல் வந்த கன்டென்ட் அவேர் ஃபில், அதே படத்திலிருந்தே துண்டுகளைப் பொறுக்கி ஓட்டையை நிரப்பும். 2023-ல் வந்த ஜெனரேட்டிவ் ஃபில் வேறு ஜாதி. ஏராளமான படங்களில் பயிற்சி பெற்ற மாடல், இங்கே என்ன இருந்தால் பொருந்தும் என்று ஊகித்து வரைகிறது. அந்தப் பிக்சல்கள் அந்த இடத்திலிருந்தும் வரவில்லை, அந்த நொடியிலிருந்தும் வரவில்லை. கோபுரத்துக்குக் குறுக்கே போகிற ஒரே ஒரு கேபிள் வயரை எடுத்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வீட்டுச் சுவரில் மாட்ட எடுங்கள், தாராளமாக. ஆவணப் படம், இயற்கைப் படம் என்று அனுப்பினால் வயர் இருக்கட்டும், அல்லது எடுக்கும்போதே இரண்டடி தள்ளி நின்றிருக்க வேண்டும். கற்பனைக்கு என்று தனிப் பிரிவு வைத்தால் அங்கே என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

சென்சாரில் ஒட்டிய தூசியை எடுக்கலாம், ஏனென்றால் அது காட்சியில் இல்லை. கடலுக்கடியில் ஃபிளாஷ் பட்டு மின்னும் துகள்களை? லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர் போட்டியில் அவற்றை அழிக்கவும் அனுமதி இல்லை, நிஜமாகவே தண்ணீரில் இருந்தவைதானே என்பதுதான் அதன் தர்க்கம். கொஞ்சம் கறார்தான், எனக்கு அது பிடிக்கும்.

உண்மையான தலைவலி செல்போன். போர்ட்ரெய்ட் மோடில் தெரியும் மங்கல் லென்ஸ் போட்டது அல்ல, போன் தூரத்தை ஊகித்து மென்பொருளால் பூசியது. மூக்குக்கண்ணாடி விளிம்பிலும் பறக்கிற முடியிலும் பாருங்கள், பாதி முடி சுவரோடு கரைந்திருக்கும். நைட் மோடிலோ பல ஃப்ரேம்கள் சேர்ந்துதான் ஒரு படம். போனையே தடை செய்வது இந்தக் காலத்தில் நடக்கிற காரியம் இல்லை. ஆவணப் பிரிவில் ஃப்ரேம்களைச் சேர்ப்பதை அனுமதித்துவிடலாம், போர்ட்ரெய்ட் மங்கலை மட்டும் கூடாது என்று பெயர் சொல்லி எழுதிவிடலாம்.

விதி எப்படி இருந்தாலும், கடைசிச் சுற்றுக்கு வரும் எல்லோரிடமும் ரா கோப்பையும் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஃப்ரேம்களையும் முடிவு அறிவிப்பதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும். கார்டை ஃபார்மட் அடித்துவிட்டேன், அந்த ஒரு படம்தான் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், படம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் நடுவர்கள் அடுத்த படத்துக்குப் போய்விட வேண்டியதுதான்.